பென்சில்வேனியாவில் பன்னிரண்டு நாள்: காட்டையும் வரலாற்றையும் ஒருசேரக் காண வழி கேட்கிறேன்

செங்கோட்டை ஆசிரியர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் செங்கோட்டையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். எங்கள் மகள் பிட்ஸ்பர்க் நகரில் பணியாற்றுகிறாள். வருகிற அக்டோபரில் நானும் என் மனைவியும் முதன்முறையாக அவளிடம் செல்கிறோம். ஊர் பார்ப்பதற்கென்று பன்னிரண்டு நாட்களை ஒதுக்கியிருக்கிறோம்; அவற்றுள் ஏழு நாட்களுக்கு மட்டுமே அவளுக்கு விடுப்பு கிடைக்கும்.

உறவினர் ஒருவர் அன்போடு ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நயாகரா, நியூயார்க், வாஷிங்டன், பாஸ்டன் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. படித்துப் பார்த்தபோது, ஒவ்வோர் ஊரிலும் இறங்கிப் படம் எடுத்துவிட்டு மறுபடியும் வண்டி ஏறுவதைத் தவிர வேறு எதற்கும் அதில் நேரம் இல்லை என்று தெரிந்தது. என் மனம் அதற்கு ஒப்பவில்லை. மகள் வாழும் அந்த ஒரு மாநிலத்தையாவது நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு வர விரும்புகிறேன். ஒரு மாநிலம் என்றாலும் அது சிறிய இடமன்று. நம் தமிழ்நாடு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர் என்றால் பென்சில்வேனியா 1,19,000 சதுர கிலோமீட்டர் வரும்.

அந்தப் பெயரே என்னை இழுக்கிறது. அட்மிரல் பென் என்பவருக்குப் பட்டிருந்த கடனுக்கு ஈடாக, அவருடைய மகன் வில்லியம் பென்னுக்கு 1681இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் எழுதிக் கொடுத்த நிலம் அது. ‘பென்னின் காடு’ என்பதே பெயரின் பொருள். 1776ஆம் ஆண்டின் விடுதலை அறிவிப்பு நிறைவேறிய மண்டபத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான், நேரில் பார்த்ததில்லை. மேலும், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சிக்கும் பிறகு தமிழ்நாட்டுக்கும் உரிமையான ஊரில், மலையடிவாரத்தில், பிறந்து வளர்ந்தவன் என்பதால், காட்டையும் ஆட்சி மாற்றத்தையும் தனித்தனியாகப் பார்க்க எனக்குத் தெரியாது.

நான் தெரிந்துகொள்ள விரும்புபவை இவை: எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிப்பது நல்லது? இலை நிறம் மாறும் காடுகளில் எதைத் தவறவிடக் கூடாது? மகளின் விடுப்பு முடிந்தபின் எஞ்சிய நாட்களில் நாங்கள் இருவர் மட்டும் கார் இல்லாமல் சமாளிக்க இயலுமா? என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அரை மணி நேரம் சமதளத்தில் நடப்பார், படி இறங்குவதுதான் கடினம். குற்றாலத்துக்காரர்கள் என்பதால் அருவி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சித்தூரிலிருந்து ஒரு வாசகி:

ஐயா, வணக்கம். என் மகனின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று முறை பிட்ஸ்பர்க் சென்று, மொத்தம் ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தவள் நான். உறவினர் கொடுத்த அட்டவணையை நீங்கள் ஒதுக்கியது சரி. முதல் பயணத்தில் நாங்கள் அப்படித்தான் ஓடினோம்; இன்று எனக்கு நினைவில் இருப்பது வண்டியின் சன்னல் மட்டுமே.

அக்டோபர் என்பதால் வரிசையை இலைகளே தீர்மானிக்கின்றன. மாநிலத்தின் வட பகுதி உயரமும் குளிரும் மிகுந்தது. அங்கே செப்டம்பர் இறுதியில் நிறம் மாறத் தொடங்கி அக்டோபர் நடுவில் உச்சத்தைத் தொடும். தெற்கிலும் பிலடெல்பியாப் பக்கத்திலும் அது அக்டோபர் இறுதி வாரங்களில்தான் வரும். ஆகவே மேற்கே பிட்ஸ்பர்க்கில் தொடங்கி, வடக்கே ஏறி, நடுவாக இறங்கி, கிழக்கே பிலடெல்பியாவில் முடியுங்கள். விமானச் சீட்டையும் பிட்ஸ்பர்க்கில் இறங்கிப் பிலடெல்பியாவில் ஏறும்படி எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்பும் அலைச்சல் இராது.

மகளின் விடுப்பு நாட்களை நகரங்களில் செலவழித்துவிடாதீர்கள். காட்டுப் பகுதிகளுக்குத்தான் கார் இன்றியமையாதது. அங்கே பேருந்து என்று ஒன்றும் கிடைக்காது. அவள் உங்களை வடக்கே அழைத்துச் சென்று, கெட்டிஸ்பர்க் போர்க்களத்தைக் காட்டி, லங்காஸ்டரில் விட்டுவிட்டுப் பிட்ஸ்பர்க் திரும்பட்டும். லங்காஸ்டரிலிருந்து பிலடெல்பியாவுக்கு ஒரு நாளில் பல ரயில்கள் உண்டு. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பிலடெல்பியாவின் பழைய பகுதி நடந்தே பார்க்கக்கூடியது.

முதல் இரண்டு நாட்களைப் பிட்ஸ்பர்க்கிலேயே உடல் அலுப்புக்கு விட்டுவிடுங்கள். அங்கே பென் ஹில்ஸ் என்னும் குன்றின்மேல், திருமலையை முன்மாதிரியாகக் கொண்டு 1970களில் கட்டிய வெங்கடேசுவரர் கோயில் இருக்கிறது. அமெரிக்காவின் பழைய இந்துக் கோயில்களுள் ஒன்று. சித்தூரில் பிறந்து, திருப்பதி மலையை நாள்தோறும் பார்த்து வளர்ந்த எனக்கு, முதல் பனிக்காலத்தில் அந்தக் கோபுரத்தைப் பார்த்தபோது கண் நிறைந்துவிட்டது. புளியோதரையும் தயிர்சாதமும் அங்கே கிடைக்கும். வடக்கே செல்லும்போது சைவ உணவு அரிது. ஆகையால் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஒரு சிறிய மின்குக்கர் ஆகியவற்றைக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையையோ விதைகளையோ எடுத்துச் செல்ல வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

வடக்கே அக்டோபர் இரவுகளில் குளிர் உறைநிலைக்கு அருகில் போகும் என்பதை அம்மாவிடம் சொல்லிவையுங்கள். கம்பளிச் சட்டையைப் பெட்டியின் அடியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆரியங்காவிலிருந்து, வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

அண்ணாச்சி, நான் உங்களுக்கு அடுத்த ஊர்க்காரன்; கணவாய்க்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். இரண்டு இலையுதிர் காலங்களை நான் பென்சில்வேனியக் காடுகளில் செலவழித்திருக்கிறேன். காட்டைப் பற்றி நீங்கள் கேட்டதற்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அங்கே காடுதான் வரலாறு, அதைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் வெறும் சிவப்பு மஞ்சள் இலைகளாகவே தெரியும்.

இன்று அந்த மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு காடு. அதைப் பார்ப்பவர்கள், பென் காலத்திலிருந்து அப்படியே நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் காடு ஏறக்குறைய முழுவதுமாக வெட்டப்பட்டுவிட்டது. முதலில் வெள்ளைப் பைன் மரங்கள் போயின. ஆற்றில் மிதக்கவிட்டு வில்லியம்ஸ்போர்ட் நகரின் மரப்பட்டறைகளுக்குக் கொண்டுசென்றார்கள். அடுத்து ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரம் போயிற்று. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்டதைப் போல் அங்கே ஹெம்லாக் பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள். பட்டையை உரித்துக்கொண்டு மரத்தை அப்படியே கிடக்கவிட்டதும் உண்டு. வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து கிடக்க, ரயில் எஞ்சினின் பொறி பட்டு மலை மலையாகத் தீப்பிடித்தது. மிஞ்சிய நிலத்தைப் ‘பென்சில்வேனியப் பாலைவனம்’ என்றே மக்கள் அழைத்தார்கள். பென்னின் காடு என்று பெயர் வைத்துக்கொண்ட மாநிலத்துக்கு நேர்ந்த நிலை இது.

அதை மீட்டவர்களுள் முதலில் நிற்பவர் ஜோசப் ராத்ராக். மருத்துவரும் தாவரவியலாளருமான அவர் ஊர் ஊராகச் சென்று காட்டின் அழிவைப் பேசினார். 1895இல் மாநிலத்தின் முதல் வன ஆணையரானார். யாருக்கும் வேண்டாமென்று வரி கட்டாமல் விட்டுப்போன மொட்டை மலைகளை அரசு விலைக்கு வாங்கத் தொடங்கியது. இன்று மாநில வனம் என்ற பெயரில் அரசிடம் ஏறத்தாழ 22 லட்சம் ஏக்கர் இருக்கிறது. பிறகு 1930களின் பொருளாதாரச் சரிவின்போது வேலையற்ற இளைஞர்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும் பாதை போடவும் செய்தார்கள். அவர்கள் கல்லாலும் மரத்தாலும் கட்டிய மண்டபங்கள் பல பூங்காக்களில் இன்றும் இருக்கின்றன. தேக்குத் தோட்டங்களில் கன்று எண்ணியே வாழ்நாளைக் கழித்த எனக்கு, இது ஒரு மாநிலம் தன் தவறைக் கண்டு திருத்திக்கொண்ட கதையாகத் தெரிகிறது.

இதைக் கண்ணால் காண இரண்டு இடங்களுக்குச் செல்லுங்கள். முதலாவது குக் வனம். பிட்ஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். கோடரிக்குத் தப்பிய பழங்காட்டின் ஒரு துண்டு அங்கே மிஞ்சியிருக்கிறது. முந்நூறு ஆண்டுகளைக் கடந்த பைன்களும் ஹெம்லாக்குகளும் நிற்கின்றன. அதன் நடுவே செல்லும் பாதை ஒரு மைல் அளவுதான் என்றாலும் சில இடங்களில் ஏற்றம் உண்டு; மதினி தம்மால் இயன்றவரை நடந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாலும் குறையொன்றும் இல்லை. முதல் மரமே போதும்.

இரண்டாவது, வெல்ஸ்பரோ ஊருக்கு அருகிலுள்ள பைன் கிரீக் பள்ளத்தாக்கு. ஏறத்தாழ 75 கிலோமீட்டர் நீளம். லெனார்ட் ஹாரிசன் பூங்காவில் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் பார்வைமேடை இருக்கிறது. அங்கே பள்ளத்தின் ஆழம் 800 அடி அளவு. அந்த மேடையில் நின்று பார்ப்பதெல்லாம் வெட்டியபின் முளைத்த காடு என்பதை நினைவில் கொள்ளுங்கள். மேடையிலிருந்து கீழே இறங்கும் பாதை மிகவும் செங்குத்தானது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம். மாநிலப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

இந்த இரண்டுக்கும் இடையே, பெனசெட் என்னும் சிற்றூரில் எல்க் மான்களைப் பார்க்கலாம். நம் மிளாவை விடவும் பெரியது. அங்கே இருந்த எல்க் இனம் 19ஆம் நூற்றாண்டில் வேட்டையாடப்பட்டு அற்றுப்போய், 1913 முதல் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழித்தோன்றல்களே இப்போது இருப்பவை. அக்டோபர் முற்பகுதி வரை ஆண் எல்க்குகள் குழல் ஊதுவதைப் போல் குரலெழுப்பும். அதிகாலையிலோ மாலையிலோ சென்றால் காரில் இருந்தபடியே கேட்கலாம்.

அருவியைக் கேட்டிருந்தீர்கள். ரிக்கெட்ஸ் கிளென் என்னும் பூங்காவில் பெயரிட்ட அருவிகள் 22 இருக்கின்றன. மிக உயரமானது 94 அடி. ஆனால் அந்தப் பாதை முழுவதும் ஈரக் கற்படிகள். மதினியின் முழங்காலுக்கு ஆகாது. உங்களுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்தருவிச் சாரலில் வளர்ந்தவர்கள் இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. அந்தக் காடுகளில் மான் உண்ணிகள் உண்டு. அவற்றால் லைம் நோய் பரவுகிறது. அமெரிக்காவில் அந்நோய் மிகுதியாகப் பதிவாகும் மாநிலங்களுள் பென்சில்வேனியாவும் ஒன்று. குளிர் வந்தால் உண்ணி இராது என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்த உண்ணிகள் அக்டோபர், நவம்பரில்தான் நிறைய நடமாடும். முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள். இரவில் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி ஆகிய இடங்களை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்தால் நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வைக்கக் கூடாது. பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ தோலில் வட்டமான சிவப்போ தோன்றினால், உண்ணி கடித்ததைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள். வயநாட்டுப் பக்கம் உண்ணியால் வரும் குரங்குக் காய்ச்சலில் உடன் பணியாற்றியவர்கள் படுத்த படுக்கையானதைப் பார்த்தவன் என்பதால் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று: மாலை மயங்கியபின் காட்டுச் சாலைகளில் மகளை வண்டி ஓட்டவிடாதீர்கள். அக்டோபர் முதல் மான்கள் நிலைகொள்ளாமல் சாலையைக் குறுக்கே கடக்கும்.

பாலக்காட்டிலிருந்து:

ரயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காருக்கு மாற்றாக, பிட்ஸ்பர்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு நேரடி ரயிலும் இருக்கிறது. பகல் முழுவதும் ஆகும். ஆல்டூனா அருகே 1854இல் அமைத்த குதிரைலாட வளைவு என்னும் இடத்தில், மலையேற வேண்டித் தண்டவாளம் பெரிய வளைவாகத் திரும்புகிறது. புனலூர் – செங்கோட்டைப் பாதையில் பதின்மூன்று கண் பாலத்தைக் கடக்கும்போது சன்னலோரம் இடம் தேடுபவர் என்றால் ஐயாவுக்கு அது பிடிக்கும். ஆனால் அந்த ரயிலைத் தேர்ந்தெடுத்தால் வடக்கின் காட்டை விட்டுவிட நேரும். எனக்கென்றால் காடு.

வண்டிப்பெரியாற்றிலிருந்து:

ஐயா, பிட்ஸ்பர்க்கில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. மேலே எழுதிய பெரியவர்கள் சொன்ன வழியில் மாற்றம் ஏதும் வேண்டியதில்லை; ஒரே ஓர் இடத்தைச் சேர்க்கச் சொல்வேன்.

பிட்ஸ்பர்க்கில் தங்கும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கிழக்கே இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய ஜான்ஸ்டவுன் வெள்ள நினைவிடத்துக்குச் செல்லுங்கள். 1889 மே 31 அன்று, பெருமழைக்குப்பின் சவுத் ஃபோர்க் அணை உடைந்து, 23 கிலோமீட்டர் கீழே இருந்த நகரத்தைத் தண்ணீர் ஒரு மணி நேரத்துக்குள் அடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். அந்த அணையை வைத்திருந்தது பிட்ஸ்பர்க்கின் செல்வந்தர்களுடைய வேட்டை, மீன்பிடிச் சங்கம். கார்னகி, ஃபிரிக் போன்ற எஃகுத் தொழிலதிபர்கள் அதன் உறுப்பினர்கள். வண்டி செல்வதற்காக அணையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். மீன்கள் வெளியேறாமலிருக்க உபரிநீர் வழியில் தடுப்பு வைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் ஒருவர்கூடப் பொறுப்பாக்கப்படவில்லை. உடைந்த அணையின் இரு முனைகளும் இன்றும் புல் மூடி நிற்கின்றன. அவற்றின் நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் நின்றேன். ஜான்ஸ்டவுன் கல்லறைத் தோட்டத்தில், அடையாளம் காண இயலாத 777 பேருக்குப் பெயரில்லாத வெள்ளைக் கற்கள் வரிசையாக நட்டிருக்கிறார்கள். பெரியாற்றங்கரையில், அணைக்குக் கீழே வாழும் ஊரில் பிறந்தவன் அந்தக் கற்களுக்கு முன்னால் நிற்பது எப்படியிருக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

அதே திசையில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் அருவியின்மேல் கட்டிய வீடும் இருக்கிறது. அழகுதான், ஆனால் படிகள் நிறைய, முன்பதிவும் வேண்டும். அம்மாவை எண்ணி விட்டுவிடலாம்.

கெட்டிஸ்பர்க்குக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே நடந்த சண்டையில் இரு தரப்பிலும் சேர்த்து இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர், சிறைப்பட்டோர் ஏறத்தாழ 51,000 பேர். போர்க்களம் பரந்த வயலும் குன்றுமாக இருப்பதால், தானே சுற்றினால் நினைவுத்தூண்களைத் தவிர ஒன்றும் விளங்காது. தேர்வெழுதி உரிமம் பெற்ற வழிகாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களே உங்கள் காரை ஓட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் இடத்துக்கு இடம் நிறுத்தி விளக்குவார்கள். படி ஏறாமல், அதிகம் நடக்காமல் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. வழிகாட்டியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

போர்க்களத்தைப் பார்த்து முடித்தபின் கடைசியாகத் தேசியக் கல்லறைக்குச் செல்லுங்கள். 1863 நவம்பர் 19 அன்று அதன் அர்ப்பணிப்பு விழாவில், அக்காலத்தின் பெயர்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். பிறகு லிங்கன் இரண்டு நிமிடம் பேசினார். அந்த உரையை நீங்கள் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பீர்கள். பெயர் தெரியாத வீரர்களுக்கு எண் மட்டும் பொறித்த சிறு கற்களின் நடுவே நின்று அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள்.

பிலடெல்பியாவில் விடுதலை மண்டபத்துக்குள் செல்ல, குறித்த நேரத்துக்கான சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவைக்க வேண்டும். நாளை என்று விட்டால் கிடைக்காது. 1787இல் அரசியலமைப்பு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியபோது வாஷிங்டன் அமர்ந்த நாற்காலி, பாதிச் சூரியன் செதுக்கிய முதுகோடு அங்கேயே இருக்கிறது. விடுதலை மணியைப் பார்க்கச் சீட்டு வேண்டாம். மணியிருக்கும் கட்டடத்தின் வாசலருகே, குடியரசுத் தலைவராக வாஷிங்டன் குடியிருந்த வீட்டின் இடம் இருக்கிறது. அந்த வீட்டில் அவர் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார். மாநிலமோ 1780இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தை இயற்றியிருந்தது. மணியையும் அந்த வீட்டின் இடத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

லங்காஸ்டரில், நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் கிறித்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகளையும் வயல்களையும் பார்க்கும்போது, அவர்களின் முகம் தெரியும்படி படம் எடுக்க வேண்டாம். அவர்களுடைய சமயநெறி அதை விரும்புவதில்லை.

செங்கோட்டை ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. உங்கள் மறுமொழிகளை நேற்றிரவு என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உறவினர் கொடுத்த அட்டவணையை அன்போடு மறுத்துவிட்டோம்.

நாங்கள் முடிவு செய்திருப்பது இதுதான். பிட்ஸ்பர்க்கில் மூன்று நாள். அவற்றுள் ஒரு நாள் ஜான்ஸ்டவுன், அந்நாளிலிருந்து மகளின் விடுப்பு தொடங்குகிறது. பிறகு குக் வனத்தில் ஓர் இரவு, பெனசெட்டில் ஓர் இரவு, வெல்ஸ்பரோவில் ஓர் இரவு, கெட்டிஸ்பர்க்கில் இரண்டு இரவு. ஒன்பதாம் நாள் காலையில் மகள் எங்களை லங்காஸ்டரில் விட்டுவிட்டுத் திரும்புவாள். அன்று அங்கே தங்கி, மறுநாள் ரயிலில் பிலடெல்பியா சென்று, பன்னிரண்டாம் நாள் இரவு விமானம். ரிக்கெட்ஸ் கிளென் அருவியையும் ரைட் கட்டிய வீட்டையும் விட்டுவிட்டோம்.

ஆரியங்காவு அண்ணன் எழுதிய மொட்டை மலைகளின் செய்தி இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்குத் தெரியாமலிருந்தது. பாடநூலில் 1776 இருந்தது, 1863 இருந்தது, 1895 இல்லை. மனைவி கேட்ட ஐயம் ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. குக் வனத்தில் அவர் உட்கார்ந்து காத்திருப்பதற்குப் பாதையோரம் இருக்கைகள் உண்டா, அல்லது மடக்கு நாற்காலி ஒன்றைக் காரில் எடுத்துச் செல்ல வேண்டுமா?

ஆரியங்காவிலிருந்து:

மடக்கு நாற்காலியை எடுத்துச் செல்லுங்கள், அண்ணாச்சி. அந்த மரங்களின் அடியில் நமக்குப் பிடித்த இடத்தில் உட்கார்வது நல்லது. எழுந்து வரும்போது நாற்காலியின் கால்களிலும் துணியிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடக்குங்கள்.